உப்புப் பட்ட பயறும் வைட்டமின் மருந்தும்: தொங்குவா வயல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டிச் சிரியம் போய், அங்கிருந்து சௌக்தான், தொங்குவா, கயான் என்று போகப் போக வயல்தான். மழைக்கு நெல், நெல் அறுத்த ஈரத்தில் பச்சைப் பயறு. நெல் வீட்டுக்கும் கடனுக்கும் போய்விடும். கையில் காசு பார்ப்பது பயற்றில். இந்த ஆய்வில் வரும் குடும்பமும் அப்படித்தான். மூன்று தலைமுறையாகப் பர்மாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம், நிலம் 7 ஏக்கர். பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. வயலை இப்போது பார்ப்பவர் மருமகன்.

சாலையோரம் மேடாகத் தொடங்கும் நிலம் ஓடைக்கரையில் தாழ்ந்து முடிகிறது. கடல் ஏற்றத்துக்கு ஓடையும் ஏறும், வற்றத்துக்கு இறங்கும். கரை 2008 மே மாத நர்கிஸ் புயலுக்குப் பிறகு கையால் மண் அள்ளிப் போட்டுக் கட்டியது. அதில் ஒரு மதகு. மதகுப் பலகைகள் இற்றுப்போய், விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. இது நான் முதல் நாள் பார்த்தபோதே கண்ணில் பட்டது. அதன் முக்கியத்துவம் விளங்கக் கொஞ்சம் நேரமானது.

விதைக் கடைகளுக்காக மண்ணும் தண்ணீரும் சோதித்துச் சொல்வது என் வேலை. இந்த வயலுக்கு என்னை அழைத்தது உப்புக்காக இல்லை. கடையில் கொடுத்த ‘வைட்டமின் டானிக்’ வேலை செய்யவில்லை என்ற புகாருக்காக.

முதல் பருவம்: கண்டது

அந்த வருடம் நெல் போசான் ரகம். நல்ல விலை போகும் அரிசி. 2011இல் உலகின் சிறந்த அரிசி என்ற பரிசும் வாங்கியது. ஆனால் பகல் நீளம் குறைந்த பிறகுதான் பூக்கும், அறுவடை மார்கழிக்குத் தள்ளிப்போகும். அதனால் பயறு விதைத்தது டிசம்பர் கடைசியில். அதற்குள் மேல்மண் காய்ந்துவிட்டது. முளைத்த பயிர் வாடுவதைக் கண்டு ஓடைத் தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்திருக்கிறார்கள். இறைத்தது தைப்பூசத்தை ஒட்டி.

ஏன் அந்த நாளில் என்று கேட்டேன். மருமகன் சொன்னது: “பௌர்ணமிக்குத் தண்ணி கரை வரைக்கும் வந்து நிக்கும் அண்ணே. குழாய் ஆழமாப் போட வேண்டாம். டீசல் மிச்சம்.”

பத்து நாளில் கீழ் வயல் பயிர் மஞ்சளித்தது. கடையில் சொல்லி டானிக் வாங்கி இரண்டு முறை தெளித்தார்கள். போத்தலில் தாய்லாந்து எழுத்து. படம் மட்டும் பச்சைப் பசேலென்ற செடி. கூட வந்த பர்மியத் துண்டுச்சீட்டில் வைட்டமின் பி1, ஒரு வேர் ஊக்கி, கொஞ்சம் தழைச்சத்து என்று இருந்தது.

நான் போனபோது இலைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பயற்றில் மஞ்சள் என்றவுடன் எல்லோரும் நினைப்பது மஞ்சள் தேமல் நோயை. அது இளம் இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகளாக வரும். இங்கே குருத்து பச்சையாகவே இருந்தது. அடியிலை ஓரம் மட்டும் விளிம்போடு விளிம்பாகக் கருகி, தொட்டால் நொறுங்கியது. செடியைப் பிடுங்கினால் பக்கவேர் இல்லை. ஆணிவேரின் நுனி பழுப்பு. காலை வெயில் ஏறுமுன் மண் கட்டிகளின் மேல் வெள்ளைப் பூப் பூத்திருந்தது. பெரியவர் விரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். என் மீட்டர் சொல்லவிருந்ததை அவர் முகமே சொல்லிவிட்டது.

ஆனாலும் அளந்தேன். உப்பு கூடினால் தண்ணீரில் மின்சாரம் கடப்பதும் கூடும். மண்ணைக் கரைத்து அந்த மின்கடத்தல் பார்த்து, மண் முழுதும் நீரில் ஊறிய நிலைக்கு மாற்றிக் கணக்கிட்டால், மேட்டில் மீட்டருக்கு 2 டெசிசீமனுக்குக் கீழே. நடுவில் 3 சொச்சம். ஓடையோரம் 6க்கு மேல். பச்சைப் பயறு உப்புக்கு மிகவும் கூசும் பயிர். 2க்குப் பக்கத்திலேயே விளைச்சல் இறங்கத் தொடங்கிவிடும். அடுத்து வந்த மாசி அமாவாசை ஏற்றத்தில் ஓடைத் தண்ணீரை அளந்தபோது அதுவே 5ஐத் தொட்டது. அதே நாள் வற்றத்தில் எடுத்த தண்ணீரில் உப்பு அதில் பாதிகூட இல்லை. டீசல் மிச்சம் பிடித்த நேரம்தான் ஓடையில் உப்பு உச்சத்தில் இருந்த நேரம்.

டானிக் ஏன் கேட்கவில்லை

“மனுஷனுக்கு வைட்டமின் மாத்திரை கேக்குது, செடிக்குக் கேக்காதா தம்பி?” என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மனிதனுக்குப் பெரும்பாலான வைட்டமின் வெளியிலிருந்து வர வேண்டும். செடி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. நமக்கு வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். செடிக்கு அது அன்றாட வேலைக்கு மட்டும் பயன்படுவதில்லை, நெருக்கடி நேரத்துக் கருவியாகவும் பயன்படுகிறது. உப்பு, வறட்சி, கடும் வெயில் எது வந்தாலும் இலைக்குள் நடப்பதில் ஒரு பகுதி ஒன்றுதான்: இலைத்துளை மூடிக்கொள்கிறது, கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது, ஆனால் வெயில் குறையவில்லை. பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் பசுங்கணிகத்தில் வீரியம் மிக்க ஆக்சிஜன் வகைகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் குவிகின்றன. இவை சவ்வையும் புரதத்தையும் அரிக்கும்.

இதைத் தணிப்பதில் முதல் ஆள் வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். ஒரு நொதி இதைப் பயன்படுத்திப் பெராக்சைடைத் தண்ணீராக்குகிறது. செலவான வைட்டமினைக் குளூட்டாதயோன் என்ற இன்னொரு பொருளின் துணையோடு செடி மீட்டெடுக்கிறது. பசுங்கணிகத்தில் இந்தச் சுழற்சி நடக்கிறது என்று ஃபாயரும் ஹாலிவெல்லும் 1976இல் எழுதினார்கள். செடி வைட்டமின் சியை எந்த வழியாகத் தயாரிக்கிறது என்பது 1998இல்தான், வீலரும் ஸ்மிர்னாஃபும் செய்த வேலையில், தெளிவானது. 1996இல் ஓசோன் பட்டால் உடனே கருகும் ஓர் அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் சிறு செடி) வகையை ஆராய்ந்தபோது, அதில் வைட்டமின் சி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அதே வகை உப்பையும் தாங்காது என்று பின்னால் தெரிந்தது. வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது. அது சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்து காவல் காக்கிறது. பி6க்கும் உப்புக்கும் நேரடித் தொடர்பே உண்டு: உப்புக்கு அளவுமீறி வாடும் இன்னொரு அராபிடாப்சிஸ் வகையில் பழுதாகியிருந்தது பி6ஐக் கையாளும் ஒரு மரபணு என்று 2002இல் கண்டார்கள். பி6இன் ஒரு வடிவமான பிரிடாக்சினைச் சேர்த்தபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது. ஓரளவுதான், அதுவும் ஆய்வகத் தட்டில்.

ஆக, வைட்டமினுக்கும் தாங்கும் சக்திக்கும் தொடர்பு இருப்பது உண்மை. டானிக் விற்பவர் அந்த உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறார். பி1 கதை இன்னும் பழசு. 1937இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பானர், செடியிலிருந்து வெட்டியெடுத்த பட்டாணி வேர் ஊட்டக் கரைசலில் வளர பி1 வேண்டும் என்று காட்டினார். உடனே நாற்று நடுவதற்கெல்லாம் பி1 ஊற்றும் மோகம் வந்தது. வெட்டிய வேருக்கு இலை இல்லை, அதனால் கேட்டது. முழுச்செடியில் இலையே பி1 செய்து வேருக்கு அனுப்புகிறது. வயலில் பலன் இல்லை என்று பானரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். போத்தல்காரர்கள் அதைப் படிக்கவில்லை போலும். நெல் உள்படச் சில செடிகளில் பி1 நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று 2005இல் கொரிய ஆய்வு ஒன்று காட்டியது உண்டு. அது நோய்க்கு, உப்புக்கு இல்லை.

இந்த வயலில் கேள்வி அதைவிடச் சின்னது. வேர் நுனி கருகிக்கொண்டிருக்கிறது, சோடியம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஒழுகும் படகில் இருப்பவனுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்த மாதிரிதான் இலையில் தெளித்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் பருவத்தில் ஒன்றும் செய்யாமல் விடுவது என்று முடிவானது. மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. மறுவிதைப்பு செய்யலாமே, நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவலாமே என்றார். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? மாசி, பங்குனி, சித்திரையில் ஓடை மேலும் மேலும் உப்பேறும். குழாய்க் கிணற்றில் வருவது குடத்தைச் சிவக்க வைக்கும் இரும்புத் தண்ணீர், அதுவும் குடிக்கும் அளவுக்குத்தான். இந்தப் பக்கம் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மே முதல் அக்டோபர் வரை கொட்டுவது நிலத்தைக் கழுவிவிடும். அதற்குக் காத்திருப்பதே மலிவு. வயலில் இருந்த வைக்கோலை மட்டும் கீழ் வயலில் பரப்பச் சொன்னேன். வெயில் நேரே படாவிட்டால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலேறிக் காய்வது குறையும். அந்த வருடம் மேட்டு வயலில் மட்டும் பயறு வீடு வந்தது. கீழ் வயலில் விதைக்குப் போட்டதுகூடத் திரும்பவில்லை.

மழைக்கால வேலைகளில் முதலாவது மதகு. பலகை மாற்றினார்கள், மழை நாளில் வற்றத்துக்குத் திறந்து வயல் தண்ணீரை வடித்து, கோடையில் ஏற்றத்துக்கு மூடுவது என்று முறை வைத்தோம்.

இரண்டாவது நெல் ரகம். இதில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். கீழ் 3 ஏக்கரில் குறுகிய நாள் ரகம் போட்டால் நவம்பர் முதல் பாதியில் அறுத்து, ஈரம் காயுமுன் பயறு விதைக்கலாம். ஆனால் அரிசி விலை போசானுக்குக் கிட்டவே வராது. “போசானை விட்டா மனசு கேக்குமா?” என்றார் பெரியவர். மேட்டில் போசான், பள்ளத்தில் குறுகிய நாள் ரகம் என்று ஒருவழியாக முடிந்தது. முடித்துவைத்தது பெரியவரின் மனைவி; போன வருடப் பயற்றுக் கணக்கை அவர் ஒரு முறை வாய்விட்டுச் சொன்னது போதுமாக இருந்தது.

மூன்றாவது விதை ஊறவைத்தல். வைட்டமின் எங்காவது உதவும் என்றால் அது முளைப்பில்தான் என்பது என் கணிப்பு. காய்ந்த பயற்று விதையில் வைட்டமின் சி அநேகமாக இல்லை. முளைவிட்ட பிறகுதான் அதைத் தயாரிக்கத் தொடங்குகிறது. முளைப்பயறு சாப்பிடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். உப்பு மண்ணில் விழுந்த விதைக்கு முதல் சில நாளில் அடியும் பலம், தடுப்பும் குறைவு. அந்த இடைவெளியில் கொஞ்சம் கைகொடுக்கலாம். வைட்டமின் சிக் கரைசலில் ஊறிய விதை உப்பில் நன்றாக முளைப்பதாகப் பல பயிர்களில் ஆய்வுகள் உண்டு. வெறும் தண்ணீரில் ஊறினாலே பயறு சீக்கிரம் முளைக்கும் என்பதும் தெரிந்ததே. அதனால் வைட்டமினையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

இரண்டாம் பருவம்

மேடு, நடு, ஓடையோரம் என மூன்று இடத்திலும் மும்மூன்று பாத்தி: காய்ந்த விதை, தண்ணீரில் ஊறியது, வைட்டமின் சியில் ஊறியது. மருந்துக்கடையில் வாங்கிய தூள், 10 லிட்டருக்கு 1 கிராம். மென்று தின்னும் மாத்திரை வேண்டாம் என்றேன். அதில் சர்க்கரையும், சில வகைகளில் சோடியமும் இருக்கும். குழாய்க் கிணற்றுத் தண்ணீரையும் செப்புக் குண்டானையும் தவிர்த்தோம். இரும்பும் செம்பும் பட்டால் வைட்டமின் சி வேகமாகக் கெடும். கூரை மழைநீர் பிடித்த ஜாடியும் பிளாஸ்டிக் வாளியும்தான். 6 மணி நேரம் நிழலில் ஊறவிட்டு, சாக்கில் பரப்பி ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, அன்றே விதைத்தார்கள். ஏக்கருக்கு அரைக் கூடை, அதாவது 16 கிலோ வாக்கில் வழக்கமான அளவு.

ஒரு சாக்கு மட்டும் தவறியது. கூலியாட்கள் வராததால் இரவு முழுக்கக் கிடந்து வேர் நீட்டிவிட்டது. அதை விதைத்தால் நுனி ஒடியும். வீட்டில் இரண்டு நாளைக்குச் சுண்டல்.

மிச்சமிருந்த டானிக் போத்தலை வீணாக்க மனமில்லாமல், ஒவ்வொரு பாத்தியிலும் பாதிக்குத் தெளித்துப் பார்க்கிறேன் என்றார் மருமகன். தடுக்கவில்லை. பாதிக்குத் தெளித்து மீதியை விட்டால் அதுவும் ஒரு சோதனைதானே.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு மதகு மூடியிருந்தது. எஞ்சின் வீட்டில் இருந்தது.

விளைவு

மேட்டில் மூன்றும் ஒன்றே. ஊறியவை ஒரு நாள் முன்னால் முளைத்தன. பூக்கும்போது வித்தியாசம் காணவில்லை.

நடுவில்தான் பார்க்க ஏதோ இருந்தது. காய்ந்த விதைப் பாத்தியில் சொட்டை விழுந்தது. தண்ணீரில் ஊறியதில் சொட்டை குறைவு. வைட்டமின் பாத்தியில் இன்னும் கொஞ்சம் குறைவு. முதல் இரண்டு வாரம் அடியிலைக் கருகலும் அங்கேதான் மிகக் குறைவாக இருந்தது. மூங்கில் சட்டம் வைத்து எண்ணியபோது காய்ந்த விதைக்கும் தண்ணீருக்கும் இருந்த தூரம் பெரிது, தண்ணீருக்கும் வைட்டமினுக்கும் இருந்த தூரம் சிறிது. காய் பறிக்கும் வேளையில் பின்னது இரண்டையும் நான் பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்தது. செடி தன் வைட்டமினைத் தானே செய்யத் தொடங்கிய பிறகு நாம் கொடுத்த முன்பணத்துக்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓடையோரத்தில் காய்ந்த விதை பெரும்பாலும் போயிற்று. ஊறிய இரண்டிலும் பாதிக்குப் பாதி நின்றது, வைட்டமின் பாத்தியில் சற்றுக் கூடுதல். ஆனால் நின்றவை முழங்கால் உயரம் வரவில்லை. ஒரு செடியில் நாலைந்து காய், அதிலும் மணி சூம்பல். முளைக்கவைத்தது வைட்டமின் என்றே வைத்துக்கொண்டாலும், விளையவைக்க அதனால் முடியவில்லை.

டானிக் தெளித்த பாதிக்கும் தெளிக்காத பாதிக்கும் எங்கேயும் வித்தியாசம் இல்லை. கயிறு கட்டிப் பிரித்திருந்தோம். கயிற்றை அவிழ்த்துவிட்டு எது எது என்று மருமகனையே கேட்டேன். சிரித்தார்.

ஓடையோரத்தைக் கழித்துப் பார்த்தால் கீழ் வயல் பயறு மேட்டு வயலுக்கு ஈடாக வந்தது. போசானில் விட்ட காசை அது ஈடுகட்டி மேலும் கொஞ்சம் கொடுத்தது. இதில் பெரும்பங்கு ஒரு மாதம் முந்திய விதைப்புக்கும் மூடிய மதகுக்கும்தான் என்பது என் முடிவு. இரண்டையும் கீழ் வயல் முழுக்க ஒரே நேரத்தில் செய்ததால் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஒரே ஒரு பருவம், இடத்துக்கு ஒரு பாத்தி: வைட்டமின் பற்றி இந்த வயல் சொல்வதும் அந்த அளவுக்குத்தான்.

இனி மாற்றுவது

வெறும் தண்ணீரில் ஊறவைப்பது எல்லா வயலுக்கும் தொடரும். செலவில்லை, கூலியாட்கள் வருவது உறுதியான பிறகே ஊறவைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வைட்டமின் சி நடு வயலுக்கு மட்டும், இம்முறை ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டு. விதைப்புக்கு முன்பே மண் அளக்க வேண்டும். முதல் பருவத்தில் பயிர் கருகிய பிறகுதான் மீட்டர் வயலுக்கு வந்தது. ஓடைத் தண்ணீர் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அஷ்டமி நவமியை ஒட்டிய சிறு ஏற்ற நாட்களில், வற்றத்தில், அளந்துவிட்டு. டீசல் கூடும், கூடட்டும்.

வைக்கோல் பரப்புவதில் இன்னும் தீர்வு இல்லை. மாட்டுக்கும் அதுவேதான் தீனி. இந்த முறை ஒரு ஏக்கருக்குத்தான் மிஞ்சியது, அதையும் வெயில் பிடிக்கும் நடு வயலுக்குப் போட்டார்கள்.

டானிக்குக்குப் போன பணம் இனி மதகுக்கு. இப்போது போட்டிருக்கும் பலகை சாதாரண மரம், இரண்டு மழை தாங்கினால் அதிகம். பிங்கடோ என்ற உறுதியான மரத்தில் செய்ய ஆசாரியிடம் சொல்லியாயிற்று. ஓடையோர அரை ஏக்கரில் பயறு வேண்டாம், மாட்டுப் புல் போட்டுவிடலாம் என்று மருமகன் சொல்கிறார். பெரியவர் இன்னும் சம்மதிக்கவில்லை.